சுண்ணாம்பா, பெயின்ட்டா: அப்பாவோடு ஃப்ரிஹிலியானாவில்

ஃப்ரிஹிலியானாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஓர் ஆகஸ்ட் மாதத்தில், தனியாக, ஐந்து மணி நேரம். இரண்டாம் முறை மே மாதத்தில் அப்பாவோடு, மூன்று இரவுகள். முதல் பயணத்தில் இருநூறு படங்கள் எடுத்தேன். இரண்டாம் பயணத்தில் எடுத்தவை பதினைந்துகூட இருக்காது. அந்த ஊரைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வதெல்லாம் இரண்டாம் பயணத்தில் கற்றதுதான்.

தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் மலைச்சரிவுகளில் வெள்ளை வெளேரென்று ஊர்கள் பல உண்டு. அங்கே அவற்றை ‘வெள்ளை ஊர்கள்’ என்றே சொல்வார்கள். மலகா மாகாணத்தின் கிழக்குப் பகுதியில், நெர்ஹா என்ற கடற்கரை ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே ஏறினால், சுமார் 300 மீட்டர் உயரத்தில் ஃப்ரிஹிலியானா இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் ஊர். பின்னால் அல்மிஹாரா மலைத்தொடர், முன்னால் மத்தியதரைக் கடல். ஊரை அழகுபடுத்தியதற்காக 1982இல் தேசியப் பரிசு வாங்கியது.

ஆகஸ்டில் நான் போனபோது நண்பகல் நெருங்கிவிட்டது. எனக்கு முன்பே சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றிருந்தன. பழைய ஊருக்குள் ஒரு படிக்கட்டு. இருபுறமும் பூந்தொட்டிகள், நீலக் கதவுகள். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. நானும் வரிசையில் நின்றேன். அப்போது ஒரு நீலக் கதவு திறந்தது. கையில் வாளியோடு ஒரு மூதாட்டி வெளியே வரப் பார்த்தார். வாசலில் சாய்ந்து நின்றவர்கள் நகரவில்லை. படம் முடியட்டும் என்று கையைக் காட்டினார்கள். தன் வீட்டு வாசலைத் தாண்ட அவர் வாளியோடு காத்திருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நான் அப்போதும் விலகிப் போகவில்லை. அதை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கரை மணிக்குப் பசியோடு ஓர் உணவகத்தைத் தேடிப் போனால் அடுப்பை அணைத்துவிட்டிருந்தார்கள். கடைகளும் பாதி மூடியிருந்தன. வெயில் வெள்ளைச் சுவர்களில் பட்டுக் கண்ணைக் குத்தியது. மாலைப் பேருந்தில் கீழே இறங்கிவிட்டேன்.

அடுத்த ஆண்டு அப்பா மாட்ரிட்டுக்கு வந்தார். காரைக்குடிப் பக்கம் நாற்பத்தைந்து ஆண்டுகள் கொத்தனார் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். வயது எழுபத்தொன்று, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள் என் கைப்பேசியில் அந்த ஊரின் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: “இது சுண்ணாம்பா, பெயின்ட்டா?”

எனக்குத் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றிருக்கிறேன். ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால்தான் மறுபடி போனோம்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் மலகா மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். மலகாவிலிருந்து நெர்ஹாவுக்குக் கடற்கரையை ஒட்டிப் பேருந்து. நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம். நெர்ஹாவிலிருந்து மேலே ஏறச் சிற்றூர்ப் பேருந்து இருக்கிறது. நான் செய்த பிழை, ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டது. நெர்ஹாவில் இறங்கிய பிறகுதான் அன்று மேலே போகும் பேருந்து ஓடாது என்று தெரிந்தது. அப்பாவை வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, பிறகு டாக்ஸி பிடித்தேன். ஞாயிறு, திருநாள், விடுமுறை நாள் எதுவானாலும் பேருந்து அட்டவணையை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வயதானவர்களை அழைத்துச் சென்றால் அன்றைக்கு டாக்ஸிக்கு என்று தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, தங்கும் வீடு. பழைய ஊருக்குள் வண்டி போகாது. கீழே சதுக்கத்தில் இறக்கிவிடுவார்கள். தெருக்கள் முழுக்கக் கூழாங்கல் பதித்த படிகள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம்போல் பதித்திருக்கிறார்கள். சக்கரப் பெட்டியை அதில் உருட்ட முடியாது. நான் ‘பழைய ஊரின் நடுவில், கடல் தெரியும் மாடி’ என்பதைப் பார்த்துப் பதிவு செய்திருந்தேன். எத்தனை படி என்று கேட்கவில்லை. எண்பத்தாறு. அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் உள்ளங்கையை ஊன்றி, மூச்சு வாங்கி ஏறினார். நீங்கள் பதிவு செய்யும்போது ‘வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி’ என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள், எண்ணிச் சொல்வார்கள். தோளில் மாட்டும் பையே போதும். காலையில் வீட்டுக்காரர்கள் வாசல் கழுவிவிட்ட பிறகு அந்தக் கூழாங்கல் வழுக்கும். அடிப்பாகம் பிடிப்பாக இருக்கும் செருப்போ காலணியோ வேண்டும்.

ஆனால் ஒன்று. அப்பா அப்படி நின்று நின்று ஏறியதால்தான் அவர் கேள்விக்கு விடை கிடைத்தது. இரண்டாவது திருப்பத்தில் சுவரில் ஊன்றிய கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் லேசான வெள்ளை மாவு. கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார். “சுண்ணாம்புதான் ஆத்தா” என்றார். பத்துப் படி ஏறி அடுத்த வீட்டுச் சுவரைத் தொட்டார். மாவு வரவில்லை. அடிச்சுவரில் கொப்புளம் கொப்புளமாக ஊதியிருந்தது. நகத்தால் தட்டியதும் ஒரு தோல் உரிந்து வந்தது. “இது பெயின்ட்.”

அதற்குப் பிறகு அவர் ஏறுவதை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூலைகளைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த வீடுகளின் மூலைகள் கூராக இல்லை. சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல் மழுங்கியிருந்தன. ஆண்டுக்கு ஒரு பூச்சு, இரண்டு பூச்சு என்று தலைமுறை தலைமுறையாக அடித்து அடித்து, பூச்சின் கனத்திலேயே மூலை உருண்டுவிட்டது என்றார். பெயின்ட் அடித்த வீடுகளில் கோடு கூர்மையாக இருந்தாலும், கீழே இரண்டு அடிக்கு ஈரம் ஏறி ஊதியிருந்தது. கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஈரம் வெளியேற வழி தேடி, பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். ஒரே தெருவில், ஒரே வெள்ளையில், இரண்டும் அடுத்தடுத்து நின்றன. எனக்கு முன்பு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது.

சுண்ணாம்பு வேலை செய்யும் விதம் தெரிந்தால் இந்த ஊர்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால், அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்து வெண்ணெய்போல் ஆகும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். மலையிலிருந்து எடுத்த கல் ஒரு சுற்று சுற்றிச் சுவரில் வந்து கல்லாகிறது. காரத்தன்மை மிகுந்த புதுச் சுண்ணாம்பில் கிருமி நிற்காது. அதனால் கொள்ளைநோய் பரவிய காலங்களில் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அந்தலூசியாவில் பரவலாயிற்று. வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்ச்சியாக வைப்பது இன்னொரு பயன். செவில்யா மாகாணத்தில் மொரோன் தெ லா ஃப்ரொன்தெரா என்ற ஊரில் இன்னும் பழைய முறையில் சுண்ணாம்பு சுடுகிறார்கள். அந்தக் கைத்தொழிலை மீட்டெடுத்த பணியை யுனெஸ்கோ 2011இல் நல்ல பாதுகாப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது, நம் ஊர்க் காளவாய்கள் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றில் ஒன்றும் இப்போது இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். ஸ்பெயினில் மே மாதத்தில்கூட அப்போதுதான் விடியும். தெருவில் ஆள் இல்லை. ஒரு கோவேறு கழுதை மட்டும் இருபுறமும் மணல் மூட்டையைச் சுமந்து படியேறிக்கொண்டிருந்தது. வண்டி போகாத தெருக்களில் வீடு பழுது பார்க்க மணலும் செங்கல்லும் இன்னமும் இப்படித்தான் போகின்றன. அதை ஓட்டி வந்தவரை அப்பா நிறுத்தி, சைகையிலேயே ஒரு நடைக்கு எத்தனை மூட்டை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பழைய ஊரின் சுவர்களில் ஆங்காங்கே ஓவியம் தீட்டிய பீங்கான் பலகைகள் பதித்திருக்கிறார்கள்; மொத்தம் பன்னிரண்டு. இந்த ஊரில் நடந்த கலகத்தின் கதை அவற்றில் இருக்கிறது. ஆகஸ்டில் நான் அவற்றை அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போயிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக நின்று படித்து அப்பாவுக்குச் சொன்னேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. ஸ்பெயினில் கடைசி முஸ்லிம் அரசு முடிந்தது. பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்த முஸ்லிம்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கினார்கள். அப்படி மாற்றப்பட்டவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர். 1567இல் மன்னர் இரண்டாம் ஃபெலிப்பே அவர்களுடைய அரபு மொழியையும் உடையையும் குளியலையும்கூடத் தடை செய்தார். அடுத்த ஆண்டு இறுதியில் அல்புஹாரா மலைகளில் கலகம் வெடித்தது. 1569இல் இந்தப் பகுதி மொரிஸ்கோக்களும் சேர்ந்துகொண்டு, ஃப்ரிஹிலியானாவுக்கு மேலே இருக்கும் பாறைக் குன்றில் குடும்பங்களோடு ஏறிக்கொண்டார்கள். ஜூன் மாதத்தில் மன்னரின் தளபதி லூயிஸ் தெ ரெகெசென்ஸின் படை குன்றைப் பிடித்தது. பிடிபட விரும்பாத பெண்கள் பலர் பாறை உச்சியிலிருந்து குதித்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். மிஞ்சியவர்களை ஊரை விட்டு அகற்றி, வேறு பகுதிகளிலிருந்து மக்களைக் கொண்டு வந்து குடியேற்றினார்கள். 1609 தொடங்கி சில ஆண்டுகளில் மொரிஸ்கோக்களை ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றினார்கள். ஊருக்கு மேலே இருந்த லிஸார் கோட்டையையும் அந்தப் போருக்குப் பிறகு இடித்தார்கள்.

கடைசிப் பலகையில் நான் நிறுத்தியதும் அப்பா கேட்டார்: “அப்படியானால் இந்தத் தெருவெல்லாம் யார் போட்டது?”

தெருவின் போக்கு அவர்களுடையதுதான். வெயில் விழாதபடி குறுகி வளையும் சந்துகள், வீட்டுக்கு அடியில் நுழைந்து போகும் வழிகள், திடீரென்று ஒரு வாசலில் முடிந்துவிடும் முடுக்குகள், எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. இன்றும் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டு போகும் வாய்க்காலுக்கு ஸ்பானிஷில் ‘அசெக்கியா’ என்று பெயர், அரபுச் சொல். அப்பாவுக்கு நான் சொல்ல விரும்பிய சொல் வேறு. ஸ்பானிஷில் கொத்தனாருக்கு ‘அல்பஞில்’ என்பார்கள். ‘கட்டுகிறவன்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. விரட்டப்பட்டவர்களின் சொல்லில்தான் இந்த நாடு தன் கொத்தனார்களை இன்னும் கூப்பிடுகிறது. அப்பா அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு பேசாமல் நடந்தார்.

கோட்டை இருந்த மேடு வரை நான் தனியாக ஏறினேன். கடைசி வீட்டைத் தாண்டிய பிறகு செங்குத்தான ஒற்றையடிப் பாதை. இருபது நிமிடம் ஏறினால் சிதைந்த அடித்தளம் கொஞ்சம் மட்டும் தெரியும். பார்க்கப் போவது கோட்டையை அல்ல, ஊரை. கீழே வீடுகள் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதும், ஒருவர் மொட்டை மாடி அடுத்தவர் வாசலுக்கு நேராக இருப்பதும் அங்கிருந்துதான் விளங்கும். தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் ஏறாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டியதில்லை. சான் அந்தோனியோ தேவாலயத்தின் முன்சதுக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அப்பா அங்கேதான் இருந்தார். நான் திரும்பி வந்தபோது உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. சுவரைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அதுவும் சுவரோடு சேர்ந்ததுதான். ஊரின் நுழைவாயிலில் ‘எல் இன்ஹேனியோ’ என்ற பெரிய கட்டடம் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஊரின் பிரபுக் குடும்பம் கட்டிய மாளிகை. இடித்த கோட்டையின் கற்களும் இதில் இருக்கின்றன என்பார்கள். பிறகு அது கரும்பாலை ஆயிற்று. இன்றும் அதில் ‘மியேல் தெ கான்யா’, அதாவது கரும்புத் தேன் காய்ச்சுகிறார்கள். அரபிகள் கொண்டு வந்து இந்தக் கடற்கரையில் நூற்றாண்டுக் கணக்கில் விளைந்த கரும்பு இப்போது இங்கே இல்லை. பக்கத்து கிரனாடாக் கடற்கரையின் கடைசி அறுவடை 2006இல் முடிந்துவிட்டது. பாகு காய்ச்சும் தொழில் மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பாகைக் கத்தரிக்காய் வறுவலின்மேல் ஊற்றித் தருகிறார்கள். கத்தரிக்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்டு, பாலில் ஊறவைத்து, மாவில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் பொரிக்கிறார்கள். தட்டில் வந்து இறங்கும்போது சூடு அடங்கியிருக்காது. மேலே கறுத்த பாகு கோடு கோடாக ஓடும். முதல் வாயில் மொறுமொறுப்பும் உப்பும், பிறகு உள்ளே வெண்ணெய்போல் கத்தரிக்காய், கடைசியாக லேசான கசப்போடு இனிப்பு. அப்பா ஒரு துளியை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்து இழுத்துப் பார்த்தார். கம்பியாக நீண்டது. “வெல்லத்துக்கு இறக்குவதற்குக் கொஞ்சம் முந்தின பதம்” என்றார். செட்டிநாட்டு வீடுகளுக்குச் சாந்து அரைக்கும்போது கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றுவார்கள், அப்போதுதான் சுண்ணாம்பு இறுகும் என்றார். கரும்பும் சுண்ணாம்பும் ஒரே ஊரில் இருக்கிறதே, இவர்கள் கலந்து பார்த்திருப்பார்களா என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரைக்குள்; அதன் பிறகு இரவு எட்டு மணிவரை பல இடங்களில் அடுப்பு எரியாது. பையில் ரொட்டியும் பழமும் இருக்கட்டும். இந்தச் சரிவுகளில் மாம்பழமும் அவகேடோவும் விளைகின்றன. மாம்பழம் செப்டம்பருக்கு மேல்தான் வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள், காய்கறி, குளிர்ந்த சூப் என்று கேட்டாலும் மேலே பன்றி இறைச்சித் துருவல் தூவாமல் தரச் சொல்லி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதாமும் பூண்டும் அரைத்து, மஸ்கட் திராட்சை மிதக்கவிட்டுத் தரும் வெள்ளைக் குளிர் சூப்பை விட்டுவிடாதீர்கள்.

பகல் பதினொன்றிலிருந்து ஐந்துவரை ஊர் வந்து போகிறவர்களுடையது. அந்த நேரத்தில் நாங்கள் அறையில் படுத்திருந்தோம், அல்லது ஊருக்கு வெளியே போனோம். ஒரு நாள் டாக்ஸியில் அசெபுச்சால் என்ற சிற்றூருக்குப் போய் வந்தோம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு இந்த மலைகளில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்கள் மறைந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொடுக்கிறார்கள் என்று 1948இல் அந்த ஊர் மக்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கூரையில்லாமல் கிடந்த வீடுகளை, 1998 தொடங்கி, அந்த ஊரை வேராகக் கொண்ட ஒரு குடும்பம் திரும்பக் கட்டத் தொடங்கியது. இப்போது எல்லா வீடுகளும் வெள்ளையாக நிற்கின்றன. அப்பா அங்கே ஒரு வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு மேல் ஃப்ரிஹிலியானா மறுபடி ஊர்க்காரர்கள் கைக்கு வருகிறது. நாற்காலிகள் வாசலுக்கு வரும். எதிர் வீட்டுக்காரர்கள் தெருவின் அகலத்தில் பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நடக்கும்போது ‘புவெனாஸ் தார்தேஸ்’, அதாவது மாலை வணக்கம், என்று சொல்லிவிட்டுப் போங்கள். பதில் வராமல் இருக்காது. கதவையும் பூந்தொட்டியையும் படம் எடுப்பதில் தவறில்லை. திறந்திருக்கும் சன்னலுக்குள் எடுக்க வேண்டாம். வாசற்படியில் உட்கார வேண்டாம். ஆள் வந்தால் நகர்ந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் மூன்று பண்பாடுகளின் விழா நடக்கிறது, கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் மூவர் நினைவாகவும். விழாவைப் பார்க்கவென்று போவதானால் அறையை மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும். ஊரைப் பார்க்கப் போவதானால் ஆகஸ்டு வேண்டாம். ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள்.

மேயில் போனதால் இன்னொன்றும் கிடைத்தது. ஜூன் 13இல் ஊரின் காவலரான புனித அந்தோனியார் திருநாள். அதற்கு முன்பு சில வீடுகளில் வெள்ளையடிக்கிறார்கள். கடைசி நாள் மாலை, வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகு, மேல் தெருவில் ஒரு பெண்மணி வாளியும் தூரிகையுமாக நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். தூரிகையை நீண்ட நாணல் கழியின் நுனியில் கட்டியிருந்தார். சுண்ணாம்பை எடுப்பதற்கு முன் வெறும் தண்ணீரைச் சுவரில் தெளித்துக்கொண்டிருந்தார்.

அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “சுவரை முதலில் நனைக்கிறார் பார்.” காய்ந்த சுவரில் அடித்தால், சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சுண்ணாம்பு மாவாக உதிர்ந்துவிடும். நல்ல வெயிலில் அடித்தாலும் அப்படித்தான். அதனால்தான் இந்த வேலைக்கு மாலை நேரம்.

நான் அந்த அம்மாவிடம் வணக்கம் சொல்லி, இவர் என் தந்தை, இந்தியாவில் கொத்தனார், அல்பஞில், என்றேன். அவர் அப்பாவின் கைகளைப் பார்த்தார். சுண்ணாம்பு தின்ற கைகள், விரல்நுனியில் ரேகை இல்லாதவை. உடனே தூரிகையை நீட்டினார். “மாயெஸ்த்ரோ” என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை; வேண்டியிருக்கவில்லை. அந்தலூசியாவில் கைதேர்ந்த தொழிலாளியை மாயெஸ்த்ரோ என்று அழைப்பார்கள். நம் மேஸ்திரி என்ற சொல், போர்த்துக்கீசியர் கொண்டு வந்த ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல். அத்தனை தூரம் வந்து அப்பாவை அவருடைய பெயராலேயே ஒருவர் கூப்பிட்டுவிட்டார்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வாளியை ஒரு குச்சியால் அடிவரை கலக்கினார். தூரிகையை நனைத்து, வாளி விளிம்பில் வழித்து, குறுக்கே ஓர் இழுப்பு, நெடுக்கே ஓர் இழுப்பு. கதவுக்கும் சன்னலுக்கும் இடைப்பட்ட மூன்று முழம் சுவரை அடித்து முடித்தார். அடித்த இடம் வெள்ளையாக இல்லை. பால் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக, பழைய பூச்சின் கறையெல்லாம் தெரிந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மூடவில்லையே அப்பா, இன்னொரு பூச்சு அடிக்கலாமா என்றேன். அப்பாவும் அந்த அம்மாவும் ஒரே சமயத்தில் கையை அமர்த்தினார்கள். காயட்டும்.

மறுநாள் திரும்பும் பேருந்து காலையில் இருந்தது. எண்பத்தாறு படி இறங்க வேண்டும், பை வேறு. ஆனாலும் அப்பா மேல் தெருவுக்கு ஏறியே தீர வேண்டும் என்றார். நின்று நின்று ஏறினோம். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் சன்னலுக்கும் இடையில் மூன்று முழச் சுவர், காலை வெளிச்சத்தில், பக்கத்துப் பூச்சைவிட ஒரு படி கூடுதல் வெள்ளையாக இருந்தது. ஒரு கறையும் தெரியவில்லை. அப்பா உள்ளங்கையை அதில் வைத்து மெல்ல இழுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். மாவு ஒட்டவில்லை. “பிடித்துக்கொண்டது” என்று சொல்லிவிட்டுப் படி இறங்க ஆரம்பித்தார்.